தொண்ணூறு அடித் திமிங்கிலமும் இருபத்திரண்டு அடித் திருக்கையும்

அப்துல் ரஹீமுக்கு நான் அறுநூற்று நாற்பது ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1974 ஜனவரியில் அது சின்னத் தொகை இல்லை. அதில் இருநூற்றைந்து பழைய பாக்கி. பாயிடம் துணி எடுத்துச் சட்டசபைத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குப் பேனர் எழுதிக் கொடுத்தேன். அவர் தோற்றுப்போனார். தோற்றவரிடம் போய்ப் பணம் கேட்டால், "நீ எனக்கு ஓட்டுப் போட்டாயா?" என்று திருப்பிக் கேட்கிறார். மீதி நானூற்று முப்பத்தைந்து, நூற்று நாற்பத்தைந்து கஜம் காடாத் துணிக்கு. கஜம் மூன்று ரூபாய். அந்தத் துணியில்தான் திமிங்கிலத்தையும் திருக்கையையும் செய்தேன்.

ரஹீம் பாய் ஆம்பூர்க்காரர். செகந்திராபாத் ஜெனரல் பஜாரில் இன்னொருவர் கடையின் படிக்கட்டுக்குக் கீழே நாலடிப் பலகை போட்டுத் துணி விற்றுக்கொண்டிருந்தார். மழை வந்தால் துணியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பதினோரு வருஷம் அப்படி ஓடியவர். அந்த மாதம் அதே தெருவில் கதவும் ஷட்டரும் உள்ள ஒரு கடை காலியானது. பகடி, அதாவது கடையைக் கைமாற்றிக் கொடுப்பதற்கான முன்பணம், மூவாயிரம். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் முழுத்தொகையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு பாத்திரக்காரருக்குப் போய்விடும். பாயிடம் இரண்டாயிரத்து நானூறு இருந்தது. குறைந்த அறுநூறும் என்னிடம் இருந்தது, அதாவது நான் கொடுக்க வேண்டியதாக இருந்தது. முப்பதாம் தேதிக்குள் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தேட வேண்டாம். எனக்கு இப்போது அறுபது வயது. பெயர் துரைராஜ். என் அப்பா வட ஆற்காட்டிலிருந்து வந்து போலாரம் ராணுவ லாயத்தில் குதிரை தேய்த்தவர். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதிலும் கடைசிப் பரீட்சை எழுதவில்லை. பன்னிரண்டு வயதில் ராணுவ பாரக்ஸில் லாரிகளுக்கு நம்பர் எழுதினேன். எண்ணூறு லாரி. ஒன்றில்கூட எட்டு சாயவில்லை. பிறகு தமிழ், தெலுங்கு, உருது, இங்கிலீஷ் நான்கிலும் போர்டு எழுதினேன். நான்கில் எழுதுவேன், இரண்டில்தான் படிப்பேன். மற்ற இரண்டும் எனக்குச் சித்திரம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. படித்தவர்கள் எழுதிய உருது போர்டில் தப்பு இருந்தது, என் போர்டில் இருந்ததில்லை, ஏனென்றால் நான் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவன்.

அறுபதுகளில் இந்த ஊரைச் சுற்றிப் பொதுத்துறைக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கேட் வந்தால் போர்டு வரும். 'அபாயம்', 'புகை பிடிக்காதே', 'தலைக்கவசம் அணிக', இத்தனை நாள் இத்தனை மணி விபத்தில்லை என்று ஒரு பலகை. மூன்று தொழிற்சாலைகளுக்கு நான்தான் எழுதினேன். கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் இருந்தவன் சொந்த வீடு கட்டியது அந்தத் தூரிகையால். ஆனால் 1974இல் வீட்டுக்கு அஸ்திவாரம் மட்டும் போட்டிருந்தேன், கையில் காசில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்திய அரசு நிறுவனம் குடியரசு தினத்தில் போலாரத்தில் அறிவியல் கண்காட்சி வைத்தது. பழைய பாரக்ஸ் ஒன்றும் அதன் முன்னால் மைதானமும் எடுத்திருந்தார்கள். அதைக் கவனித்துக்கொண்டவர் அனந்தராமன் சார். தார்நாகாவில் ஆராய்ச்சிசாலையில் விஞ்ஞானி, தஞ்சாவூர்ப் பக்கம். என்னைக் கூப்பிட்டு இரண்டு அட்டைகளைக் கையில் கொடுத்தார். ஒன்றில் நீலத் திமிங்கிலம், பக்கவாட்டில். மற்றதில் ஆனைத் திருக்கை, வயிற்றுப்பக்கம் தெரியும்படி. இரண்டும் ஒரே அளவு அட்டை.

"இந்த ஊர்க் குழந்தைகள் கடலைப் பார்த்ததில்லை. ரெண்டையும் நிஜ அளவில, பக்கத்துப் பக்கத்துல நிக்க வைக்கணும். முடியுமா?"

"நானே பார்த்ததில்ல சார். எவ்ளோ அடின்னு சொல்லுங்க."

"திருக்கை, இறக்கை நுனியிலேர்ந்து நுனிக்கு இருபத்திரண்டு அடி. திமிங்கிலம் தொண்ணூறு."

நான் அட்டைகளைத் திரும்பப் பார்த்தேன். மனசுக்குள் போலாரம் பஸ்ஸை நிறுத்திப் பார்த்தேன். திருக்கையை ஒரு பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பஸ்தான் நீளம். திமிங்கிலத்துக்கு மூன்று பஸ் வரிசையாக நிற்க வேண்டும்.

"எடை?"

"திருக்கை ரெண்டு டன் இருக்கும். திமிங்கிலம் நூறு டன்னுக்கு மேல. ஆனா ஒரு விஷயம் பாருங்கோ, ரெண்டும் சாப்பிடறது பொடிப் பொடிப் பூச்சிதான். பெரிய மீனைக் கடிச்சுத் தின்கிறதில்லை."

"இத்தாம் பெரிய உடம்ப வச்சுக்கிட்டு பொட்டுக்கடலை தின்ற மாதிரி," என்றேன். அவர் சிரித்தார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினோம். வேலை சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால் கண்காட்சிச் செலவுக்கென்று தனியாக வைத்திருந்த ரொக்கத்திலிருந்து அடுத்த வேலை நாளே கொடுத்துவிடுவார்கள். அதை நம்பித்தான் பாயிடம் துணியைக் கடனாக எடுத்தேன்.

வேலையை எப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் இந்த ஊரில் செய்ததில்லை. அட்டையில் பென்சிலால் கட்டம் போட்டேன். மைதானத்தில் துணிகளை ஒன்றோடொன்று தைத்து விரித்து, சுண்ணாம்பு நூலைத் தட்டி அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டேன். அட்டையில் ஒரு கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத் துணியில் அந்தக் கட்டத்தில். திமிங்கிலத்தின் கண்ணை எழுதும்போது அதன் வால் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது, அவ்வளவு தூரம். நீலப் பொடியை வஜ்ஜிரப் பசையில் கரைத்துப் பதினேழு வாளி பூசினேன். துணி மிச்சமாகட்டும் என்று பின்னணி எதுவும் வைக்காமல் உடம்பின் ஓரத்தோடு வெட்டி எடுத்தேன். மூங்கில் நட்டு, கயிறு இழுத்து, சாலையைப் பார்த்தபடி இரண்டையும் நிறுத்தினேன்.

பேனர் கட்டுகிற எவனும் கடைசியில் ஒரு வேலை செய்வான். துணியில் அங்கங்கே அரைவட்டமாக வெட்டிவிடுவான். காற்று அதன் வழியாகப் போய்விடும், துணி கிழியாது, மூங்கில் சாயாது. திருக்கையின் அடிப்பக்கத்தில், வாய்க்குப் பின்னால் ஐந்தும் ஐந்துமாகப் பத்துக் கோடு அட்டையிலேயே இருந்தது. அந்தக் கோட்டிலேயே கத்தியை வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது. இதற்கு இருப்பது அதற்கும் இருக்கட்டும் என்று திமிங்கிலத்துக்கும் கண்ணுக்குப் பின்னால் வரிசையாக இரண்டு டஜன் வெட்டினேன்.

வியாழக்கிழமை காலை அனந்தராமன் சார் வந்தார். சனிக்கிழமை திறப்பு. திருக்கை முன்னால் நின்று தலையை ஆட்டினார். "பேஷ், செவுள் கரெக்ட்டா அடிப்பக்கத்துல." பிறகு திமிங்கிலத்தின் தலைக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"துரைராஜ், இது என்ன?"

"காத்து போற வழி சார்."

"பார்க்கிறவாளுக்கு இது செவுள். திமிங்கிலத்துக்குச் செவுளே கிடையாது. அது மீனே இல்லை. நம்மளை மாதிரி நுரையீரல். தண்ணிக்கு மேல வந்து மூச்சு விட்டுட்டுத்தான் போகணும். குட்டிக்குப் பால் குடுக்கும். திருக்கையும் குட்டிதான் போடும், ஆனா பால் கிடையாது. அதுக்கு எலும்பே இல்லை, எல்லாம் குருத்தெலும்பு. அது இறக்கையை அடிச்சு நீந்தும், இது வாலை மேலயும் கீழயும் அடிச்சு நீந்தும். ரெண்டையும் பக்கத்துல வைக்கறதே இந்த வித்தியாசம் தெரியத்தான். நீங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேள்."

"தச்சு மூடிடறேன் சார்."

"மூடுங்கோ. தப்பா இருக்கற படத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோவிச்சுக்காதேள்."

கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. வீட்டுக்கு ஆளனுப்பி என் மனைவி சாந்தாவை வரவழைத்தேன். அவள் ஊசியும் நூலும் துணித் துண்டுகளுமாக ஆட்டோவில் வந்து இறங்கி, திமிங்கிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"ரவிக்கைக்கு ரெண்டு கஜம் கேட்டா கணக்குப் பார்ப்பீங்க. இதுக்கு மட்டும் நூத்துச் சொச்சமா?"

"அது போட்டுக்கிட்டு ஊர்வலம் போகப்போவுது, நீ தையி."

பகல் ஒரு மணிக்குள் இருபத்துநான்கு வெட்டும் மூடியாயிற்று. மேலே நீலம் பூசினேன். செவுள் என்ற பேச்சே இல்லை. திரும்பத் தூக்கிக் கட்டினோம். போலாரம் மைதானத்துக் காற்று ஜனவரியில் எப்படி அடிக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு ஒரு வீச்சு வந்தது. வால் பக்கம் குறுகல், அது தாங்கியது. தலைப்பக்கம் பதினாறு அடி உயரம். கப்பல் பாய் மாதிரி உப்பிற்று. இரண்டு மூங்கில் படபடவென்று முறிந்து திமிங்கிலம் முகத்தோடு மண்ணில் விழுந்தது. பக்கத்திலேயே திருக்கை, பத்துச் செவுள் வழியாகக் காற்றை விட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த நேரம் பார்த்து ரஹீம் பாய் சைக்கிளில் வந்தார். அவர் துணி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தவர். அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்திருக்கும்: 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"கைக்கு பெயிண்டர், உன் மீனு படுத்திருக்கு?"

"மீனில்ல பாய். மீனில்லன்னுதான் இப்போ பிரச்சினையே."

நடந்ததைச் சொன்னேன். சைக்கிளை நிறுத்திவிட்டுத் துணியின் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு, "பாத்திரக்காரன் இன்னிக்கு வந்து ஷட்டரை ஏத்தி எறக்கிப் பாத்தான்," என்றார். "என் எதிர்லயே. எண்ணெய் விடணும்னான்."

"முப்பதாந்தேதிக்குள்ள உங்க கையில பணம் இருக்கும்."

"ஹவ், நீ சொன்னா சொன்னதுதான். காத்துகிட்டயும் சொல்லிடு."

சாந்தா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டினால் கையெழுத்து இல்லை, வெட்டாவிட்டால் திமிங்கிலம் நிற்காது. நான் போய் அட்டையை எடுத்து வந்து அதன் தலையை மட்டும் பார்த்தேன். முன்னால் பத்து நாள் அதைக் கட்டம் கட்டமாகத்தான் பார்த்திருந்தேன், முழுசாகப் பார்க்கவில்லை. மோவாயிலிருந்து வயிறுவரை நீளவாட்டில் மெல்லிய கோடுகள் போயின. நிழல் என்று நினைத்து நானும் துணியில் சாம்பல் நிறத்தில் அப்படியே இழுத்திருந்தேன்.

அனந்தராமன் சார் பாரக்ஸுக்குள் கண்ணாடி ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அட்டையை அவர் முன்னால் நீட்டினேன்.

"சார், இந்தக் கோடு நிஜமா, படம் போட்டவன் சும்மா இழுத்ததா?"

"நிஜம். தொண்டை மடிப்பு. அறுபது எழுபது இருக்கும். வாயைத் திறந்து ஒரு குளத்துத் தண்ணியை அப்படியே வாங்கிக்கும். அப்போ அந்த மடிப்பெல்லாம் ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரியும். அப்புறம் தண்ணியை வெளியில தள்ளிட்டுப் பூச்சியை மட்டும் முழுங்கும்."

"திருக்கைக்கு?"

"அதுக்கு இது கிடையாது. அது வாயைத் திறந்துண்டே நீந்தும், தண்ணி செவுள் வழியா வெளியில போயிடும்."

"அப்போ தொண்டைக் கோட்டுல வெட்டினா தப்பில்லையே?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பில்லை," என்றார். "ஆனா கோடு கோடா இருக்கணும். ஓட்டையா இருக்கப்படாது."

நான் கத்தியோடு திரும்பி வந்ததைப் பார்த்ததும் ரஹீம் பாய் எழுந்துவிட்டார்.

"நக்கோ பெயிண்டர். ஒரு தடவை வெட்டி, தச்சு, கீழ போட்டாச்சு. திருப்பி வெட்டினா துணி தாங்காது. நீளமா வெட்டினா காடா அந்தண்ட வரைக்கும் கிழிஞ்சிகிட்டே போவும். நான் துணிக்காரன், எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது சரிதான். அரைவட்டம் கிழியாது, நேர்வெட்டு கிழியும். அதனால் நேர்வெட்டைக் கிழியாமல் நிறுத்துவது எப்படி என்று அவரிடமே கேட்டேன். நான் பெருமைக்காரன்தான், ஆனால் தொழில் தெரிந்தவனிடம் கேட்பதில் எனக்குக் குறைவில்லை.

அவர் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். "ஓரம் ரெண்டுலயும் நாடா வச்சுத் தைக்கணும். முனையில ரெண்டு தரம் மடிச்சு. ஒவ்வொண்ணும் முழத்துக்கு மேல நக்கோ. நடுவுல ஒரு சாண் விடணும்."

"எத்தினி கஜம் நாடா ஆவும்?"

"எத்தினி வெட்டு?"

"நாப்பது."

"நாப்பத்தஞ்சு கஜம். நூலோட பதினெட்டு ரூபா." துணியைக் கீழே விட்டார். "கடன்தானே?"

"கடன்தான்."

சாந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பாய், இவருக்குக் குடுக்காதீங்க. இவரு திமிங்கிலத்துக்கு லங்கோடு கட்டிட்டுத்தான் விடுவாரு."

பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜெனரல் பஜார் போனார். எட்டு மைலாவது இருக்கும். ஆறு மணிக்கு நாடாவோடு வந்தார். தனியாக வரவில்லை, கேரியரில் கைத்தையல் மெஷின் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். பலகைக் கடையைப் பக்கத்துக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை முழுக்க, தொழுகைக்குப் போன நேரம் போக, என் திமிங்கிலத்தின் தொண்டையில் உட்கார்ந்து நாடா தைத்தார். நான் கோட்டைக் குறித்து வெட்டினேன், சாந்தா முனைகளை மடித்துக் கையால் முடிந்தாள். நாற்பது வெட்டும் முடிந்ததும் துணியை விரித்துப் பார்த்தால், வெட்டு மூடியிருக்கும்போது வெறும் கோடுதான் தெரிந்தது. புதிய மூங்கிலை இரண்டடி கூடுதலாக ஆழத்தில் நட்டேன். சாயங்காலம் தூக்கிக் கட்டினோம். அப்போது பார்த்துக் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை.

"காத்து வரலன்னா நாளைக்கு நல்லது," என்றார் பாய்.

"வரட்டும்," என்றேன். "நான் செஞ்சது காத்துக்குத்தான்."

சனிக்கிழமை காலை கொடி ஏற்றி, பெரிய அதிகாரிகள் பேசி முடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக விட்டார்கள். அனந்தராமன் சார் குச்சியால் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். திருக்கையின் பத்துச் செவுளைக் காட்டி முடித்துத் திமிங்கிலத்திடம் வந்தார். அப்போதுதான் மைதானத்துக் காற்று வந்தது, வியாழக்கிழமை வந்த அதே வீச்சு. கயிறு முறுக்கேறிக் கிரீச்சென்றது. நான் பின்னால் நின்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன். பாய் இன்னொரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்திருக்க வேண்டியதே இல்லை. நாற்பது கோடும் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. தொண்டை முழுவதும் உப்பி, மடிப்பு மடிப்பாக விரிந்து, காற்று அதன் வழியாகப் போய், மெல்ல அமுங்கியது. அடுத்த வீச்சுக்கு மறுபடி உப்பி, மறுபடி அமுங்கியது. தொண்ணூறடி உடம்பு சாலை ஓரத்தில் நின்று முழுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வரிசை கலைந்து கயிற்றருகே வந்துவிட்டார்கள். போலாரம் பஸ்ஸை டிரைவர் நடுச்சாலையில் நிறுத்தினார், பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர்கள் ஹாரன் அடிக்கவில்லை, அவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சின்னப் பெண் கேட்டாள், "சார், திருக்கை ஏன் உப்பல?"

"அதுக்குத் தொண்டை மடிப்பு கிடையாது. செவுள் வழியா விட்டுடறது, பார்," என்று குச்சியால் காட்டினார் அனந்தராமன் சார். பிறகு என் பக்கம் திரும்பி, "துரைராஜ், இதை நான் நாலு வருஷம் போர்டுல வரைஞ்சு சொல்லியிருக்கேன். ஒருத்தருக்கும் புரிஞ்சதில்லை," என்றார். அங்கேயே சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, என் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் அது அங்கே நின்றது. ஒரு நூல் பிரியவில்லை. இந்த ஊரில் விமானம் செய்கிறவர்கள், ராடார் செய்கிறவர்கள், மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். அவர்களில் மூன்று பேர் அதை யார் வடிவமைத்தது என்று கேட்டார்கள். ஐந்தாம் வகுப்பு என்று சொன்னேன். அதற்குப் பிறகு எனக்கு வந்த வேலைகளை எழுதினால் இந்தத் தாள் போதாது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நிறுவனத்தின் கேஷியர் ஜகதீசன் ஆயிரத்து ஐந்நூறை எண்ணிக் கொடுத்தார். ரசீதில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். நேராக ஜெனரல் பஜார் பஸ் ஏறினேன். ரஹீம் பாய் பலகையில் உட்கார்ந்து ஒருவருக்குத் தலையணை உறைத் துணி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கஜக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"இன்னிக்கு இருபத்தெட்டுதான்," என்றார்.

"முப்பதுக்குள்ளன்னு சொன்னேன். முப்பதுன்னு சொல்லல. கையை நீட்டுங்க."

அவர் கஜக்கோலைத் தொடையில் வைத்துவிட்டு வலது கையை விரித்தார். மெஷின் சக்கரம் சுற்றிய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பிறகு நான்கு பத்து. துணி வாங்க வந்தவரும் எங்களோடு சேர்ந்து எண்ணினார். நாடாவுக்கும் நூலுக்குமாக ஒரு பத்து, ஒரு ஐந்து, ஒரு இரண்டு, கடைசியாக ஒரு ஒற்றை ரூபாய்.